ஓடு பறந்தால் யார் தருவார்?

சித்திரை பிறந்துவிட்டால் மேட்டூர்க்காரர்களுக்கு இரண்டு கவலை. அணையில் எத்தனை அடி தண்ணீர் என்பது ஒன்று. சாயங்காலம் நாலு மணிக்கு மேல் திரண்டு வரும் கறுப்பு மேகம் இன்னொன்று. பகலெல்லாம் வெயில் மண்டையைப் பிளக்கும். திடீரென்று காற்று சுழன்றடிக்கும், புழுதி எழும்பும், கரெண்ட் போகும். மொத்தமே அரை மணி நேரம்தான். அதற்குள் எங்கோ ஒரு வாழைத்தோப்பு படுத்திருக்கும். யாரோ ஒருவர் வீட்டு சிமெண்ட் ஷீட் அடுத்த தெருவில் கிடக்கும்.

மறுநாள் டீக்கடையில் இப்படி ஒரு பேச்சு நடக்கும்:

"சேதம் எவ்வளவுங்க?"

"பதினெட்டு ஷீட்டு போச்சு. ரீப்பரும் முறிஞ்சு போச்சு. கூலியோட சேர்த்து நாற்பதாயிரம் ஆகும்கிறான்."

"இன்ஷூரன்ஸ் இல்லையா?"

"இருக்குங்களே... வண்டிக்கு!"

நம் ஊர் லட்சணம் இதுதான். எழுபதாயிரம் ரூபாய் பைக்குக்கு வருஷா வருஷம் இன்ஷூரன்ஸ் கட்டுகிறோம். இருபது வருஷக் கடனில் கட்டிய வீட்டுக்குக் கட்டுவதில்லை. காரணம் எளிது. பைக்கை ரவுண்டானாவில் போலீஸ் நிறுத்துவார். வீட்டை நிறுத்தி "பேப்பரை எடு" என்று எந்த போலீஸும் கேட்பதில்லை.

"புயலெல்லாம் கடலூர், நாகப்பட்டினம் சமாசாரம் சார். நமக்கெதுக்கு?" என்பார்கள். 2011 டிசம்பரில் தானே கடலூரைப் பிரித்து மேய்ந்தது, 2018 நவம்பரில் கஜா டெல்டாவைச் சாய்த்தது எல்லாம் உண்மைதான். ஆனால் 2024 நவம்பர் 30-ம் தேதி ராத்திரி புதுச்சேரிப் பக்கம் கரை கடந்த ஃபெஞ்சல் என்ன செய்தது? உள்ளே நடந்து வந்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழையைக் கொட்டியது. ஊத்தங்கரையில் கடல் எங்கே இருக்கிறது?

சரி, அரசாங்கம் தராதா? தரும். ஆனால் அதற்குப் பெயர் நிவாரணம். நஷ்டஈடு வேறு. பேரிடர் நிவாரண நிதிக்கு மத்திய அரசு 2022-ல் வகுத்த அட்டவணையை, 2026 மார்ச் வரைக்குமானது, எடுத்துப் பாருங்கள். சமவெளியில் வீடு முழுவதும் போனால் 1,20,000 ரூபாய். பக்கா வீட்டில் ஒரு பகுதி, அதுவும் குறைந்தது 15 சதவிகிதம் சேதமானால் 6,500 ரூபாய். கச்சா வீடு என்றால் 4,000. குடிசை போனால் 8,000. ஆறாயிரத்து ஐநூறில் ஷீட் வாங்கலாம். போல்ட், நட் கடனுக்குத்தான் வாங்க வேண்டும்.

இப்போது இன்ஷூரன்ஸுக்கு வருவோம். முன்பெல்லாம் வீட்டுக்கு எடுப்பது தீ விபத்துப் பாலிசி. அதில் புயல், வெள்ளம் உண்டா இல்லையா என்பதைப் பொடி எழுத்தில் தேட வேண்டும். 2021 ஏப்ரல் 1 முதல் இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் ஒரு நல்ல காரியம் செய்தது. வீட்டுக்கென்று 'பாரத் க்ரிஹ ரக்ஷா' என்ற ஒரே மாதிரிப் பாலிசியை எல்லா ஜெனரல் இன்ஷூரன்ஸ் கம்பெனியும் விற்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. யுனைடெட் இந்தியாவில் வாங்கினாலும் நியூ இந்தியாவில் வாங்கினாலும் அடிப்படை ஷரத்து ஒன்றேதான். பெயர்தான் வாயில் நுழையாது. 'வீட்டுப் பாலிசி' என்று கேளுங்கள், எடுத்துத் தருவார்கள்.

இதில் புயல், சூறாவளி, வெள்ளம், இடி மின்னல், நிலநடுக்கம், தீ எல்லாம் அடக்கம். தென்னை மரம் ஓட்டின் மேல் விழுந்தாலும் உண்டு. கூரை போன வீட்டில் ஆள் புகுந்து சாமானைத் தூக்கிக்கொண்டு போனால், சம்பவம் நடந்து ஏழு நாளுக்குள் நடந்த திருட்டுக்கும் உண்டு. காம்பவுண்டு சுவர், போர்ட்டிகோ, தண்ணீர்த் தொட்டி, மாடியில் மாட்டிய சோலார் பேனல் எல்லாமே 'வீடு' என்ற சொல்லுக்குள் வந்துவிடுகின்றன. மொட்டை மாடியில் பிற்பாடு போட்ட தகர ஷெட் இருந்தால் மட்டும் பாலிசி எடுக்கும்போதே சொல்லி எழுதி வாங்குங்கள். காற்றுக்கு முதலில் பறப்பது அதுதான்.

எவ்வளவுக்கு எடுப்பது? இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். மனை விலையைச் சேர்க்கக் கூடாது. புயல் மண்ணைத் தூக்கிக்கொண்டு போவதில்லை. கார்ப்பெட் ஏரியாவைக் கட்டுமானச் செலவால் பெருக்குங்கள். 800 சதுர அடி, அடிக்கு 2,000 ரூபாய் என்றால் 16 லட்சம். கட்டடத்தோடு சேர்த்து எடுத்தால் உள்ளே இருக்கும் சாமான்களுக்கு அதில் 20 சதவிகிதம், அதாவது 3,20,000 ரூபாய், கேட்காமலே கிடைக்கும் (உச்சவரம்பு 10 லட்சம்). பிரீமியம்? இந்த மாதிரி வீட்டுக்குப் பெரும்பாலும் வருஷத்துக்குச் சில நூறுகளில் முடிகிற சங்கதி. குடும்பத்தோடு சேலம் போய் ஒரு சினிமா பார்க்கிற செலவு.

காமர்ஸ் படித்தவன் என்பதால் ஒரு கணக்கைச் சொல்லாமல் விட முடியவில்லை. பழைய பாலிசிகளில் 'ஆவரேஜ்' என்றொரு கத்தி இருந்தது. 16 லட்ச வீட்டை 8 லட்சத்துக்கு இன்ஷூர் செய்திருந்தால், ஒரு லட்சம் சேதத்துக்கு 50,000தான் கையில் வரும். 'பாதி வீட்டுக்குத்தானே கட்டினாய்' என்பது அவர்கள் நியாயம். புதிய வீட்டுப் பாலிசியில் இந்தக் கத்தியை எடுத்துவிட்டார்கள். அதற்காக 16-ஐ 8 என்று எழுதாதீர்கள். வீடே போனால் எழுதின தொகைக்கு மேல் சல்லிக்காசு வராது.

வாடகைக்கு இருக்கும் பிரம்மச்சாரிகள் "நமக்கில்லை" என்று பக்கத்தைப் புரட்ட வேண்டாம். கூரை ஹவுஸ் ஓனர் பாடு. கூரைக்குக் கீழே நனைகிற டி.வி.யும் லேப்டாப்பும் உங்கள் பாடு. சாமான்களுக்கு மட்டும் தனியாக எடுக்கலாம்.

ஜலகண்டபுரம், நங்கவள்ளி, எடப்பாடிப் பக்கத்து நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. இது குடியிருக்கும் வீட்டுக்கான பாலிசி. வீட்டை ஒட்டி நாலு தறி ஓடினால் அந்தத் தறிக்கூடத்தை இதில் நுழைக்கப் பார்க்காதீர்கள். சிறு தொழிலுக்கென்று 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' என்று இதே 2021-ல் வந்த தனிப் பாலிசி இருக்கிறது.

கீற்றுக் கூரை? ஓலை, மூங்கில், தார்ப்பாய் போட்டதை எல்லாம் 'கச்சா கட்டுமானம்' என்று தனியாக ஒதுக்கித்தான் இன்ஷூரன்ஸ் பாஷை பேசுகிறது. பிரீமியமும் ஷரத்தும் அதற்கு வேறு. கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். எந்தக் கூரை முதலில் பறக்குமோ அதற்குத்தான் கேள்வி அதிகம் என்பது எனக்கு ஜீரணமாகவில்லை. தானேவுக்குப் பிறகு கடலூர் மாவட்டத்தில் குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக்க அரசே திட்டம் போட்டதற்குக் காரணம் இல்லாமல் இல்லை.

இனி முக்கியமான விஷயம். ஹவுஸிங் லோனில் கட்டிய வீடா? அப்படியானால் உங்களுக்கே தெரியாமல் உங்களிடம் பாலிசி இருக்கலாம்! லோன் கொடுக்கும்போதே வங்கி பிரீமியத்தைப் பிடித்து வீட்டை இன்ஷூர் செய்திருக்கும். எந்தத் தேதி வரை, எவ்வளவுக்கு என்பது மட்டும் ஃபைலுக்குள் தூங்கும். எனக்குத் தெரிந்த ஒருவர் ஓடு பறந்து ஏழு மாசம் கழித்து, வேறு காரியமாக வங்கிக்குப் போனபோதுதான் கிளார்க் சொன்னாராம், "உங்க வீட்டுக்குப் பாலிசி இருந்துச்சே சார்." ஓடு மாற்றி, பில்லைக் கிழித்துப் போட்டு, வட்டியும் கட்ட ஆரம்பித்திருந்தார் அவர். நாளைக்கே போய் ஜெராக்ஸ் கேளுங்கள். கூடவே அது வீட்டுப் பாலிசியா, நீங்கள் போய்ச் சேர்ந்தால் கடனை அடைக்கிற ஆயுள் பாலிசியா என்றும் பாருங்கள். இரண்டும் ஒன்று என்று நினைப்பவர்கள் ஏராளம். பாலிசியில் வங்கி பெயரும் இருக்கும் என்பதால் பணம் வங்கி வழியாகத்தான் வரும். திகைக்க வேண்டாம்.

காற்று அடித்து ஓய்ந்துவிட்டது. கூரையைக் காணோம். இப்போது என்ன? முதலில் போட்டோ. உள்ளிருந்து, வெளியிலிருந்து, விழுந்த மரத்தோடு. அதன் பிறகு கம்பெனிக்குத் தகவல், அன்றைக்கே. அடுத்த மழைக்குள் தார்ப்பாய் போட்டு மூடுங்கள். மேற்கொண்டு சேதம் ஆகாமல் பார்ப்பது உங்கள் கடமை என்று பாலிசியே சொல்கிறது. அந்தத் தார்ப்பாய் பில்லையும் பத்திரப்படுத்துங்கள். உடைந்த ஓடுகளைக் கொட்டிவிடாதீர்கள், சர்வேயர் வந்து பார்க்க வேண்டும். கிளெய்ம் ஃபாரத்தை 30 நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும்.

சர்வேயர் தேடுவது ஒன்றே ஒன்று: காற்றா, காலமா? காற்று பிடுங்கிய ஓட்டுக்குப் பணம் உண்டு. பத்து வருஷமாகக் கரையான் தின்ற ரீப்பர் தானாக உட்கார்ந்தால் கிடையாது. விரிசலில் வருஷா வருஷம் ஒழுகும் தளத்துக்கும் கிடையாது. அதனால் நல்ல நாளிலேயே கூரையை நாலு போட்டோ எடுத்து வைப்பது உத்தமம். கல்யாண ஆல்பத்துக்கு ஆயிரக்கணக்கில் கொட்டுகிறோம், ஓட்டுக்கு நாலு படம் எடுக்கக் கூடாதா?

கம்பெனி கையை விரித்தால்? எழுத்தில் புகார் கொடுங்கள். 155255 என்ற எண்ணில் ஒழுங்குமுறை ஆணையத்திடமும் சொல்லலாம். ஒரு மாசத்தில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் சென்னை தேனாம்பேட்டையில் இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன் ஆபீஸ் இருக்கிறது. 50 லட்சம் ரூபாய் வரைக்குமான வழக்கை எடுத்துக்கொள்வார். கம்பெனி மறுத்த ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும். வக்கீல் தேவையில்லை, ஃபீஸும் கிடையாது.