பாரம் தூக்குவோரும் மேனி செதுக்குவோரும்

சென்னை ராஜதானிப் பட்டாளங்களைத் தொடர்ந்து செகந்திராபாத்துக்கு வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் பேரன் பேத்திகள் இன்றும் வசிக்கும் மாரெட்பள்ளியில், மாலை ஆறு மணிக்குமேல் நடந்து செல்பவர் எவரும், மாடிக் கூடங்களிலிருந்து இரும்புத் தட்டுகள் ஒன்றோடொன்று மோதும் ஓசையைக் கேளாமல் வீதியைக் கடக்க இயலாது. அக்கூடங்களில் பயிலும் எங்கள் தெருப் பையன் ஒருவன், பொறியியற் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு மாணவன், சில மாதங்களுக்கு முன் என்னிடம் வந்து, "மாமா, எனக்கு உடம்பு ஏறணும். ஒரு மாஸ்டர் வெயிட்டை ஏத்து, அஞ்சு ரெப்ஸ் போதும்கிறார். இன்னொருத்தர் வெயிட்டைக் குறைச்சுப் பன்னெண்டு போடு, பம்ப் வரணும்கிறார். நான் யார் பேச்சைக் கேக்கறது?" என்று வினவினான். உலகெங்கும் உள்ள உடற்பயிற்சிக் கூடங்களில் இதே வினா நாள்தோறும் எழுகிறது; இதற்கு விஞ்ஞானம் கடந்த நாற்பது ஐம்பது ஆண்டுகளில் தேடிக் கண்ட விடையோ அக்கூடங்களின் படிக்கட்டுகளை இன்னமும் முழுமையாக ஏறவில்லை.

முதல் மாஸ்டர் சொன்ன பலப் பயிற்சி என்பது, எவ்வளவு பாரத்தை ஒருவன் தரையிலிருந்து பெயர்க்கவும் தலைக்குமேல் உயர்த்தவும் வல்லவன் என்பதையே இலக்காகக் கொண்டு, மிகுந்த எடையைச் சிலமுறை மட்டும் தூக்கி, நீண்ட ஓய்வுக்குப் பிறகு மீண்டும் தூக்குவது. மற்றவர் சொன்ன பாடிபில்டிங் என்பது, தூக்கும் எடையைக் கருவியாக மட்டும் கருதி, மார்பு, புயம், தொடை ஆகிய ஒவ்வொரு தசைக்கும் தனித்தனியே மிதமான பாரத்தைப் பலமுறை கொடுத்து, அவற்றின் பருமனையும் ஒத்திசைவையும் விருத்தி செய்வது. ஸ்ரீகாகுளம் மாவட்டத்துக் கர்ணம் மல்லேஸ்வரி, 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் 69 கிலோ பிரிவில் 110 கிலோவையும் 130 கிலோவையும் உயர்த்தி வெண்கலப் பதக்கம் பெற்று, ஒலிம்பிக் பதக்கம் வென்ற முதல் இந்தியப் பெண்மணியானார். அவர் முதல் மார்க்கத்தின் உதாரணம். ஐந்தடிக்கும் குறைந்த உயரமுடையவராக இருந்தும், பிரிட்டிஷ் அதிகாரி ஒருவரை அறைந்ததற்காகச் சிறை சென்று அங்கேயே தேகப் பயிற்சியில் மூழ்கி, 1952இல் தம் பிரிவில் மிஸ்டர் யூனிவர்ஸ் பட்டம் பெற்று, நூறு வயதைக் கடந்து 2016இல் மறைந்த வங்காளத்து மனோகர் ஐச் இரண்டாவதன் உதாரணம்.

நம் முன்னோரும் இவ்விரு வழிகளை அறியாதவர் அல்லர். பாண்டி நாட்டுக் கிராமங்களில் வாலிபர்கள் மார்போடு அணைத்துத் தோளுக்கு ஏற்றிப் பின்புறம் எறிந்த இளவட்டக்கல் முழுக்க முழுக்கப் பலப் பரீட்சையே. மல்யுத்தக் கோதாவில் நூற்றுக்கணக்கில் போடப்பட்ட தண்டாலும் பஸ்கியும் குறைந்த பாரத்தைப் பலமுறை பயன்படுத்திய முறை. பழைய ஹைதராபாத்தின் தாலீம் என்னும் மல்யுத்தக் கூடங்களில் பயின்ற பயில்வான்களும் இப்படித்தான் தேகத்தை வளர்த்தார்கள். சென்னை சைதாப்பேட்டையில் தேகப் பயிற்சி ஆசிரியருக்கான கல்வி பெற்று, பின்னர் சர்க்கஸ் மேடையில் இரும்புச் சங்கிலியை அறுத்து ஜனங்களைப் பிரமிக்கச் செய்த கோடி ராமமூர்த்தி நாயுடு, பலத்தையும் பருமனையும் ஒருங்கே பெற்றிருந்தார்.

இரண்டும் ஒருங்கே வருவதில்லையா, பெருத்த தசை பலமுள்ள தசைதானே என்று கேட்கத் தோன்றும். பெரும்பாலும் அப்படித்தான், ஆனால் முழுவதும் அப்படியன்று. நம் தசை ஆயிரக்கணக்கான மெல்லிய இழைகளின் தொகுதி; முதுகுத்தண்டிலிருந்து புறப்படும் ஒவ்வொரு நரம்பணுவும் அவ்விழைகளில் ஒரு கூட்டத்தைத் தன் ஆணைக்குள் வைத்திருக்கிறது. லேசான வேலைக்குச் சிறிய கூட்டங்கள் முதலில் அழைக்கப்படுகின்றன. பாரம் கூடக்கூடப் பெரிய கூட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்கின்றன. அமெரிக்க நரம்பியல் அறிஞர் எல்வுட் ஹென்னமன் கண்டறிந்த இந்த ஒழுங்கே எல்லாவற்றுக்கும் அடிப்படை. புதிதாகப் பயிற்சி தொடங்கியவனுடைய மூளை, தன்னிடம் உள்ள இழைகள் அனைத்தையும் ஒரே சமயத்தில் அழைக்க அறியாது. தேர் வடத்தைப் பிடித்த நூறு பேரும் ஆளுக்கொரு நேரத்தில் இழுத்தால் அசையாத தேர், அதே நூறு பேர் ஒரே குரலுக்கு இழுத்த கணத்தில் நகர்வது போல, இழை ஒன்றுகூடப் பருக்காமலேயே அவனுடைய பலம் முதற்சில வாரங்களில் ஏறிவிடுகிறது. 1979இல் மொரிட்டானி, டிவ்ரீஸ் என்னும் இரு ஆராய்ச்சியாளர்கள் தசையின் மின்னோட்டத்தை அளந்து, தொடக்க வாரங்களில் பலத்தின் விருத்தி பெரிதும் நரம்பின் தேர்ச்சியால் வருவது என்றும், தசை பருப்பதன் பங்கு அதற்குப் பிறகே மேலோங்குகிறது என்றும் காட்டினார்கள். "மாசம் ஒண்ணாச்சு, வெயிட் ஏறுது, கை மட்டும் அப்படியே இருக்கு" என்று சோர்ந்துபோகும் இளைஞர்கள் இதை அறிந்திருந்தால், அடுத்த மாதக் கட்டணத்தைக் கட்டாமல் விட்டுவிட மாட்டார்கள்.

இனி, இழை பருப்பது எவ்வாறு என்பதைப் பார்ப்போம். ஒருவன் டம்பெல்லைக் கையில் ஏந்தி முழங்கையை மடக்கி நீட்டிப் பயில்வதாகக் கொள்வோம். முதல் ஐந்தாறு முறை முகத்தில் ஒரு சலனமும் இல்லை. சிறிய கூட்டங்களே வேலையை முடித்துவிடுகின்றன. எட்டாவது முறையில் அவை களைக்கத் தொடங்க, நடுத்தரக் கூட்டங்கள் வருகின்றன. பத்தாவதில் கை மெதுவாகிறது; பதினோராவதில் புயம் நடுங்குகிறது; பன்னிரண்டாவதில், மனம் எவ்வளவு ஆணையிட்டும் டம்பெல் ஆமை வேகத்தில் ஏறும்பொழுது, அதுவரை உறங்கிக் கிடந்த மிகப் பெரிய கூட்டங்களும் இழுவைக்கு உள்ளாகிவிட்டன என்று அறியலாம். அந்த இழுவிசையே இழைக்குள் புரத உற்பத்தியைத் தூண்டும் பிரதான காரணம். 1961இல் அலெக்சாண்டர் மௌரோ என்னும் விஞ்ஞானி மின்னணு நுண்ணோக்கியில் கண்ட, இழையின் ஓரத்தில் ஒட்டிக்கிடக்கும் துணையணுக்கள் விழித்துப் பெருகி, தம் உட்கருக்களை இழைக்குத் தந்து அதன் வளர்ச்சிக்குக் கைகொடுக்கின்றன. மிகுந்த பாரத்தைத் தூக்குபவனுக்குப் பெரிய கூட்டங்கள் முதல் முறையிலேயே வந்துவிடுகின்றன. மிதமான பாரத்தைத் தூக்குபவனுக்குக் கடைசி மூன்று நான்கு முறைகளில் வருகின்றன. இருவரும் சேரும் இடம் ஒன்றே. ஆகவே, களைப்பு எட்டிப் பார்க்கும் முன்பே டம்பெல்லைக் கீழே வைத்துவிட்டுக் கைபேசியை எடுப்பவன், எந்த மார்க்கத்தைச் சேர்ந்தவன் என்று சொல்லிக்கொண்டாலும், அவ்விடத்தை அடைவதில்லை.

இதை நேருக்கு நேர் பரீட்சை செய்து பார்த்தவர் அமெரிக்கப் பேராசிரியர் பிராட் ஷோன்ஃபெல்ட். 2014இல் வெளியான அவருடைய ஆய்வில், ஏற்கெனவே பயிற்சி பெற்ற 17 இளைஞர்கள் இரு பிரிவாக, எட்டு வாரங்கள், வாரம் மூன்று நாள் பயின்றனர். ஒரு பிரிவினர் மூன்றே முறை தூக்கக்கூடிய கடும்பாரத்தை ஏழு செட், அதாவது ஏழு சுற்று. மற்றவர் பத்து முறை தூக்கக்கூடிய பாரத்தை மூன்று செட். தூக்கிய மொத்த எடை இரு பிரிவுக்கும் ஏறத்தாழச் சமம். முடிவில், கேளா ஒலி அலைக்கருவியால் அளந்த புயத் தசையின் தடிப்பு இரு பிரிவிலும் சுமார் 12.6 சதவீதம் ஏறியிருந்தது. அணுவளவு வித்தியாசமும் இல்லையென்றே சொல்லலாம். மல்லாந்து படுத்துப் பாரத்தை உயர்த்தும் பெஞ்ச் பிரஸ் பலத்தில் மட்டும் கடும்பாரப் பிரிவு முந்தியது. ஆனால் அதற்கு அவர்கள் கொடுத்த விலை என்ன? மிதப் பிரிவினர் சுமார் 17 நிமிஷத்தில் முடித்த வேலைக்கு அவர்களுக்கு 70 நிமிஷம் பிடித்தது. களைப்பும் மூட்டு நோவும் அவர்களையே மிகுதியாக வருத்தின. அளந்தது புயம் ஒன்றையே, பயின்றவர்களும் சிலரே. எனினும், கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தார் 2012இல் தொடைத் தசையில் செய்த பரிசோதனையிலும், உச்ச பாரத்தின் 30 சதவீதத்தைக் களைத்து ஓயும்வரை மூன்று செட் தூக்கியவரும், 80 சதவீதத்தை அவ்வாறே தூக்கியவரும் ஏறக்குறைய ஒரே அளவு தசை பெற்றனர்; ஒரே செட்டோடு நின்றவர் பெற்றது அதில் பாதிக்கும் குறைவு.

பையனுக்கு நான் கூறியது இதுதான். தசைப் பருமன் ஒன்றே உன் நோக்கமானால், பாடிபில்டர்களின் வழி குறைந்த நேரத்தில், மூட்டுக்குக் குறைந்த சேதத்தோடு அதைத் தரும். ஆனால் கண்ணாடி முன் நின்று புயத்தை மட்டும் மடக்கி நீட்டுவதைப் பாடிபில்டிங் என்று எண்ணிவிடாதே. பாரம் சுமந்து உட்கார்ந்து எழும் ஸ்குவாட், தரையிலிருந்து பாரத்தைப் பெயர்க்கும் டெட்லிஃப்ட், பெஞ்ச் பிரஸ், தலைக்குமேல் உயர்த்துவது ஆகிய நான்கையும், நடுநடுவே மூன்று நிமிஷம் ஓய்வெடுத்து, ஐந்தாறு முறைக்குரிய பாரத்தில் முதலில் பழகு; உடல் களைக்கும் முன்பே அவற்றைச் செய்துவிட்டு, பின்னர் எட்டு முதல் பதினைந்து முறைக்குரிய பாரத்தில் மற்ற தசைகளுக்கு வேலை கொடு. ஒவ்வொரு தசைக்கும் வாரத்துக்குப் பத்து செட் அளவு சேரட்டும். 1945இல் தாமஸ் டிலோர்ம் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர், முழங்கால் காயமுற்ற சிப்பாய்களுக்குப் பாரத்தைப் படிப்படியாக ஏற்றித் தசை வளர்த்து, அதுவரை பளுவைக் கண்டு அஞ்சிய வைத்திய உலகத்தின் அபிப்பிராயத்தையே மாற்றினார். அந்தப் படிப்படியான ஏற்றத்தை ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டு வருபவனுக்கு இரு வழிகளில் எது என்ற சந்தேகம் வெகு நாள் நிற்பதில்லை. மல்லேஸ்வரி போன்றோர் மேடையில் செய்யும் பளுதூக்கலைப் பருமன் வேண்டுவோர் அப்படியே பின்பற்றுவதிலும் பொருளில்லை. அவர்கள் எடைப் பிரிவின் எல்லைக்குள் நிற்க வேண்டியவர்கள். உயர்த்திய பாரத்தை மெல்ல இறக்காமல் கீழே விட்டுவிடுபவர்கள். இறக்கும்போது தசை நீண்டுகொண்டே தாங்கும் இழுவையும் வளர்ச்சிக்கு உரமாகும் என்பதால், அதை இழப்பது நமக்கு நஷ்டம்.

ஆனால் இத்தனை பிரயாசையும் ஆகாரமின்றி விருதா. இவ்விஷயத்தில் மாரெட்பள்ளிவாசிகளுக்கு அயல் தேசத்து ஆலோசனையே தேவையில்லை. மெட்டுகூடா வழியாகச் சற்றுத் தூரம் சென்றால் தார்நாக்காவில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இருக்கிறது. அது பிறந்தது நம் நீலகிரியில்: 1918இல் குன்னூரில் ராபர்ட் மக்காரிசன் என்னும் மருத்துவர் தொடங்கிய சிறு ஆராய்ச்சிக் கூடமே வளர்ந்து, 1958இல் ஹைதராபாத்துக்கு வந்தது; பின்னர் சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன் அதன் இயக்குநராக இருந்து உலகப் புகழ் தேடித் தந்தார். மக்காரிசன் குன்னூரில் எலிக் கூட்டங்களுக்கு இந்தியாவின் பல பிரதேச மக்களுடைய உணவுகளைத் தனித்தனியே கொடுத்து வளர்த்துப் பார்த்தார். கோதுமை ரொட்டியும் பாலும் வெண்ணெயும் பருப்பும் காய்கறியும் உண்ட சீக்கியர் உணவு எலிகள் மிகுந்த எடையோடு வளர்ந்தன. பெரும்பாலும் அரிசியையே நம்பிய சென்னை மாகாண உணவு எலிகள் எல்லாவற்றிலும் சிறுத்து நின்றன. ஏறக்குறைய நூறாண்டுக்கு முந்தைய இந்த முடிவு, குவளைச் சாதமும் ரசமும் அப்பளமுமாக மத்தியானத்தை முடித்துவிட்டு மாலையில் இரும்போடு போராடும் நம் பிள்ளைகளை உத்தேசித்தே சொன்னது போலிருக்கிறது.

அதே நிறுவனம் 2024 மே மாதத்தில் வெளியிட்ட உணவு வழிகாட்டு நெறிகள், உடலெடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு சுமார் 1.6 கிராமுக்குமேல் புரதம் உட்கொள்வது பயிற்சியின் பலனை மேலும் கூட்டுவதில்லை என்றும், புரத மாவுகளை நாடுவதைத் தவிர்க்குமாறும் கூறுகின்றன. 60 கிலோ எடையுள்ள இளைஞனுக்கு அந்த உச்ச அளவு 96 கிராம். அரை லிட்டர் பாலில் சுமார் 16 கிராம், முட்டை ஒன்றில் 6 கிராம், நூறு கிராம் பருப்பில் 22 கிராமுக்குமேல், கைப்பிடி வேர்க்கடலையில் 7 கிராம் என்று கூட்டிப் பார்த்தால், முட்டையை விட்டுவிட்டாலும் சைவ வீட்டிலேயே கணிசமான தூரம் போய்விடலாம். கோழி, மீன் உண்போருக்குச் சிரமமே இல்லை. பல ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கும் டப்பாக்களைவிட எனக்கு அதிகக் கவலை தருவது, அவற்றுக்குப் பின்னால் ரகசியமாக வரும் ஊசிகள். செயற்கை ஆண் ஹார்மோன்கள் பருமனைத் தருகின்றன என்பது மெய். இருதயத்தையும் ஈரலையும் கெடுத்து, உடல் தானே சுரக்கும் ஹார்மோனை ஒடுக்கி, மலட்டுத் தன்மைக்கும் வழிவகுக்கின்றன என்பதும் அதே அளவு மெய். இருபது வயதுப் பிள்ளைக்கு அவற்றை நீட்டுபவர் எவரும் பயிற்றுநர் என்று அழைக்கப்படத் தகுதியற்றவர்.

தசையை விரும்புவது வாலிபரின் அலங்கார ஆசை என்று ஒதுக்கும் பெரியவர்களுக்கும் ஒரு சொல். புனேயைச் சேர்ந்த டாக்டர் சித்தரஞ்சன் யாக்னிக்கும் பிரிட்டனின் ஜான் யுட்கினும் 2004இல் லான்செட் இதழில் தங்கள் புகைப்படத்தையே வெளியிட்டார்கள். இருவருக்கும் உயரத்தையும் எடையையும் கொண்டு கணக்கிடும் உடல் நிறைக் குறியீடு ஒன்றே, 22.3, ஆயினும் உடற்கொழுப்பு ஆங்கிலேயருக்கு 9.1 சதவீதம், இந்தியருக்கு 21.2. ஒல்லியாகத் தோன்றும் நம்மவருடைய உடலில் தசை குறைந்து கொழுப்பு மிகுந்திருக்கிறது. உணவுக்குப்பின் இரத்தத்தில் ஏறும் சர்க்கரையைப் பெரும்பாலும் உறிஞ்சிக்கொள்ள வேண்டியது தசையே என்பதால், நம் வீடுதோறும் நீரிழிவு நுழைந்ததில் இந்தத் தசைக் குறைவுக்கும் ஒரு பங்கு உண்டு.

வயதானவர்களுக்குப் பருமனைவிடப் பலமே பிரதானம். 1990இல் மரியா ஃபியடரோன் என்னும் மருத்துவர் பாஸ்டன் முதியோர் இல்லம் ஒன்றில் சராசரி 90 வயதுடைய பத்துப் பேருக்கு, மேற்பார்வையோடு எட்டு வாரம் கால்களுக்குக் கடும்பாரப் பயிற்சி அளித்தார். பயின்று முடித்தவர்களின் தொடைத் தசை 9 சதவீதம் பருத்தது. பலமோ சராசரியாக 174 சதவீதம் கூடியது. ரெயில்வேயிலும் ராணுவத்திலும் உழைத்து ஓய்வு பெற்று மாரெட்பள்ளியில் காலை நடையோடு நின்றுவிட்ட பெரியவர்கள், இரத்த அழுத்தத்தையும் இருதயத்தையும் வைத்தியரிடம் காட்டிச் சம்மதம் பெற்று, மூச்சை அடக்காமல், வாரம் இருமுறை, கையூன்றாது நாற்காலியிலிருந்து எழுந்து அமர்வதில் தொடங்கலாம். அது பத்து முறை சுலபமானதும், இரண்டு கிலோ அரிசிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு எழட்டும்.