ரீச்சர்மாரும் சங்கமும்

யாழ்ப்பாணத்தில் எந்தப் பாடசாலைக்குப் போனாலும் ஆசிரியர் அறையில் பெண்களே அதிகம். நாடு முழுவதிலும் அரச பாடசாலை ஆசிரியர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் பெண்கள். ஆனால் ஆசிரியர் சங்கத்தின் பெயரில் அறிக்கை விடுபவரும் அமைச்சரோடு பேச்சுக்குப் போகிறவரும் பெரும்பாலும் ஆண்தான். இதனால் என்ன நட்டம் என்று சிலர் கேட்கக்கூடும்.

இடமாற்றத்தை எடுத்துக்கொள்வோம். நெடுந்தீவுப் பாடசாலைக்குப் போக குறிகட்டுவானில் படகேறி ஏறத்தாழ ஒரு மணி நேரம் கடலில் போகவேண்டும். கடல் கொந்தளித்தால் அதுவும் இல்லை. வன்னிக்குப் போகிறவர்கள் அங்கேயே தங்கவேண்டி வரும். யார் போவது, யார் திரும்புவது என்று பார்க்கும் இடமாற்ற சபையில் சங்கப் பிரதிநிதிகளும் அமர்கிறார்கள். கைக்குழந்தையோடு இருப்பவரின் நிலையை, படுக்கையில் கிடக்கும் மாமியாரைப் பார்ப்பவரின் நிலையை அனுபவித்து அறிந்த ஒருவர் அந்த மேசையில் இருப்பதும் இல்லாததும் ஒன்றல்ல.

பெண்கள் போராட வரமாட்டார்கள் என்பது வெறும் பேச்சு. 2021 ஜூலை 12 அன்று ஆசிரியர்கள் இணையவழிக் கற்பித்தலை நிறுத்தினார்கள். 24 ஆண்டுகளாக இழுபட்ட சம்பள முரண்பாட்டைத் தீர்ப்பதே முக்கிய கோரிக்கை. அந்தப் பணிப்பகிஷ்கரிப்பு ஒக்டோபர் வரை நீடித்தது. சம்பள முரண்பாட்டை ஆராய்ந்த சுபோதினி குழு சொன்ன உயர்வில் மூன்றில் ஒரு பங்கு 2022 ஜனவரியில் கிடைத்தது. ஆசிரியத் தொழிலே பெரும்பாலும் பெண்கள் கையில் இருக்கும் நாட்டில், அவர்கள் உறுதியாக நிற்காமல் அத்தனை மாதம் தாக்குப்பிடித்திருக்க முடியாது. வடக்கில் நியமனம் கேட்டு ஆளுநர் அலுவலக வாசலில் வெயிலில் இருந்த தொண்டர் ஆசிரியர்களிலும் பெண்கள் நிறையப் பேர்.

போர் நடந்த இன்னும் கடுமையான காலத்தில் கலாநிதி ராஜினி திராணகம இருந்தார். யாழ் பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் துறைத் தலைவர். 1988இல் மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர் அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர். எந்தத் தரப்பின் வன்முறையையும் மறைக்காமல் எழுதினார். 1989 செப்ரெம்பர் 21 அன்று, தன் 35ஆவது வயதில், சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் சுடப்பட்டார். அவர் நடத்தியது சம்பளப் போராட்டம் அல்ல. ஆனாலும் ஆசிரியர்கள் கூட்டாகப் பேசலாம் என்ற உரிமைக்கு அவர் கொடுத்த விலையை நாம் மறக்கக்கூடாது.

அப்படியானால் தடை எங்கே? என் கணிப்பில், நேரத்தில். கூட்டம் பின்னேரத்தில் நகரத்தில் வைக்கப்படுகிறது. அந்நேரம் பிள்ளையை ரியூசனுக்கு ஏற்றி இறக்குபவரும் இரவுச் சாப்பாட்டைப் பார்ப்பவரும் ரீச்சர்தான். பாடசாலைக் கிளை, வலயம், மாவட்டம் என்று படிப்படியாக ஏறுகிறவர்தான் தலைமைக்கு வருகிறார். பிள்ளைகள் சிறியவர்களாக இருக்கும் பத்து ஆண்டுகளைத் தவறவிட்டவர், பிறகு எவ்வளவு திறமை இருந்தாலும் புதியவராகவே நிற்கிறார்.

பெண்களே சங்கத்தை நடத்திக் காட்டியதும் உண்டு. அமெரிக்காவின் சிக்காகோ நகரில் 1897இல் ஆரம்பப் பாடசாலை ஆசிரியைகள் தங்களுக்கென்றே ஒரு சங்கம் அமைத்தார்கள். கதரின் கொகினும் மார்கிரட் ஹேலியும் அதை நடத்தினார்கள். சம்பளம் கூட்டக் காசில்லை என்று கல்விச் சபை கைவிரித்தபோது, இவர்கள் வரிக் கணக்கைத் தோண்டினார்கள். தெருரயில், எரிவாயு, தொலைபேசிக் கொம்பனிகள் கட்டவேண்டிய வரியைக் கட்டவில்லை என்று கண்டுபிடித்து வழக்குப் போட்டு வென்றார்கள். அப்போது அந்த ஆசிரியைகளுக்கு வாக்குரிமைகூட முழுதாக இல்லை. ஹேலி இருபது, முப்பது ஆண்டுகள் அதே வேலையில் நின்றதால்தான் அடுத்தடுத்த சண்டைகளுக்கும் ஆள் இருந்தது.

உங்கள் சங்கத்தின் அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தைச் சனிக்கிழமைக் காலையில், பிள்ளைகளையும் கூட்டிவரக்கூடிய பாடசாலை ஒன்றில் வைக்கக் கேளுங்கள். நிர்வாகத் தெரிவு வரும்போது உங்களோடு படிப்பிக்கும் ரீச்சர் ஒருவரின் பெயரைச் செயலாளர் பதவிக்கு முன்மொழியுங்கள். வழிமொழிய இன்னொருவரை முன்கூட்டியே தயார்ப்படுத்திக்கொண்டு போங்கள்.