கைதியான மாலுமி எழுதிய நூல்

கடல்வழியே வந்தவர்கள் இலங்கையைப் பற்றி எழுதிவைத்த நூல்கள் பல. அவற்றுட் பெரும்பாலானவை பாதிரிமாரும் அதிகாரிகளும் எழுதியவை. கப்பலிலே வளர்ந்த ஒரு மாலுமி தான் பட்டதைத் தானே எழுதிய பழைய நூல் எதுவெனக் கேட்டால், றொபேட் நொக்ஸ் எழுதி 1681 ஆம் ஆண்டு இலண்டனில் அச்சான 'இலங்கைத் தீவு பற்றிய வரலாற்று விவரணம்' என்பதையே முதலில் சொல்ல வேண்டும். பழைய நூல் சேகரிப்போர் பெரிதும் மதிக்கும் நூல் இது. அதைத் தேடுவது எப்படி, எந்தப் பதிப்பில் என்ன இருக்கிறது, யாழ்ப்பாணத்தில் இருக்கும் நமக்கு அதனால் ஆவதென்ன என்பவற்றையே இன்று பேச எண்ணுகிறேன்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கிழக்கிந்தியக் கம்பனிக்காக வந்த 'ஆன்' என்ற கப்பல் 1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்தில் புயலில் அடிபட்டது. முறிந்த பாய்மரத்தைச் சீர்செய்யத் திருகோணமலைக்குத் தெற்கேயுள்ள கொட்டியாரக் குடாவுக்கு அதைக் கொண்டுவந்தார்கள். அங்கே 1660 ஏப்ரலில் கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் கப்பற்றலைவரையும், அவர் மகன் நொக்ஸையும், வேறு சிலரையும் பிடித்துக்கொண்டு போனார்கள். மகனுக்கு அப்போது வயது பத்தொன்பது. பிடிபட்ட இடமாகக் கருதப்படும் மூதூர்ப் புளியமரத்தடியில் 1893 இல் ஒரு நினைவுக்கல் நாட்டப்பட்டது. தந்தையார் அடுத்த ஆண்டே நோயில் இறந்தார். மகன் கண்டி நாட்டில் தொப்பி பின்னி விற்றும், நெல்லை வட்டிக்குக் கொடுத்தும் பத்தொன்பது ஆண்டுகள் கழித்தார்.

அந்தச் சிறைவாழ்வில் ஒரு புத்தகக் கதையும் உண்டு. தந்தையிடமும் மகனிடமும் இருந்தவை இரண்டே சமய நூல்கள். அவற்றைப் படித்துப் படித்து மனனமாகிவிட்டது. ஒருநாள் நொக்ஸ் தூண்டில் போட்டுக்கொண்டிருக்கையில், அவ்வழியே வந்த கிழவர் ஒருவரிடம் ஆங்கில விவிலியம் இருப்பது தெரிந்தது. போர்த்துக்கேயர் கொழும்பை இழந்த காலத்தில் அவர் கைக்கு வந்ததாம் அது. கையிலிருந்த பணம் முழுவதையும் கொடுக்க நொக்ஸ் ஆயத்தமானார். உடனிருந்த பையனோ, தொப்பி ஒன்று போதும் என்று தடுத்தான். அப்படியே ஒரு பின்னல் தொப்பிக்கு அந்தப் புத்தகம் கைமாறிற்று. இக்காலப் பழைய புத்தக வியாபாரிகளிடம் இந்தக் கதையைச் சொல்லிப் பயனில்லை.

1679 இல் நொக்ஸும் ஸ்டீபன் ரட்லண்ட் என்ற தோழரும் புகையிலை, மிளகு, உள்ளி, சீப்பு முதலியவற்றைச் சுமந்து, ஊர் ஊராய் விற்கும் வியாபாரிகள் போல வடக்கே நடந்தார்கள். அநுராதபுரத்தை அடைந்தபோது அங்கிருந்தோர் சிங்களம் விளங்காத 'மலபாரிகள்' என்று நொக்ஸ் எழுதுகிறார். அக்கால ஐரோப்பியர் தமிழரைக் குறித்த சொல் அது. பின்னர் அருவியாற்றங்கரை வழியே காடு கடந்து, 1679 ஒக்ரோபர் 18 ஆம் திகதி, ஒல்லாந்தர் கோட்டையிருந்த அரிப்பை அடைந்தனர். கண்டியரசனுக்கும் ஒல்லாந்தருக்கும் நடுவே 'கொயிலட் வன்னியா' என்ற தலைவனின் நாடு இருந்ததாக நூல் சொல்கிறது. தேசப்படத்திலும் அது குறிக்கப்பட்டிருக்கிறது. இவனைக் கைலை வன்னியன் என்று வரலாற்றாசிரியர் கொள்வர். வன்னியின் வரலாற்றை ஒல்லாந்தரின் ஆவணங்களிற் படிக்கும்போது திறையும் யானையுமே கண்ணில் நிற்கும். அந்தக் காட்டிலே அகப்பட்டுவிடக்கூடாதே என்று அஞ்சி நடந்த ஒருவனின் சாட்சியம் வேறு வகையானது. நூலில் நமக்கு மிக அண்மையான பகுதி இதுவே என்பது என் எண்ணம்.

இனி நூலுக்கு வருவோம். தாய்நாடு திரும்பும் கப்பலிலேயே நொக்ஸ் எழுதத் தொடங்கினார். றோயல் சொசைற்றி என்ற அறிஞர் கழகத்தைச் சேர்ந்த றொபேட் ஹூக் அதை ஒழுங்குபடுத்த உதவி, முன்னுரையும் எழுதினார். உயிர்க்கலத்துக்கு ஆங்கிலத்திற் பெயர் வைத்த அதே ஹூக்தான். முதற் பதிப்பைத் தேடுவோர் பார்க்க வேண்டியவை சில உண்டு. பெரிய தாளளவில் அமைந்த அப்பதிப்பில் பதினைந்து செப்புத்தகட்டுப் படங்களும் மடித்த தேசப்படம் ஒன்றும் இருக்க வேண்டும். அழகான படங்களுள்ள பழைய நூலுக்கு அதுவே வினை. படத்தைக் கிழித்துச் சட்டமிட்டு விற்பதில் வருவாய் கூட. எனவே தேசப்படம் இல்லாத பிரதிகள் விலைக்கு வந்தால் வியப்பதற்கில்லை. சில பிரதிகளில் நொக்ஸின் உருவப்படம் காணப்படும். அது 1695 இல் செதுக்கப்பட்டது. ஆகவே பிறகு யாரோ சேர்த்துக் கட்டியது. அதைக் காட்டி விலை கூட்டினால் ஏமாற வேண்டாம்.

என்னைப் போன்ற ஆசிரியர் பல மாதச் சம்பளத்தைச் சேர்த்தாலும் 1681 ஆம் ஆண்டுப் பிரதி எட்டாது. அதற்காக வருந்த வேண்டியதுமில்லை. 1817 இல் 'பிலலேதஸ்' என்ற புனைபெயரில் வந்த இலங்கை வரலாற்றோடு நொக்ஸின் நூலும் மறுபதிப்பாயிற்று. 1958 இல் தெகிவளைத் திசர பிரகாசகயோ நிறுவனத்தார் சபரமாதுவின் முன்னுரையோடு வெளியிட்டனர். என்னிடமிருப்பது இந்த 1958 ஆம் ஆண்டுப் பதிப்பே. முதுகு பிய்ந்து, இரண்டு இடங்களிற் பூச்சி துளைத்தது; கொழும்பில் நடைபாதைக் கடையொன்றில் வாங்கினேன்.

ஆனால் எந்தப் பதிப்பும் ஒன்றே என்று எண்ணிவிடக் கூடாது. முதற் பதிப்பு வந்தபின் நொக்ஸ் சும்மா இருக்கவில்லை. அச்சான தம் புத்தகத்தின் தாள்களுக்கிடையே வெற்றுத் தாள்களை வைத்துக் கட்டி, அவற்றிலே திருத்தியும் சேர்த்தும் எழுதிக்கொண்டே இருந்தார். அவர் விரும்பிய இரண்டாம் பதிப்பு அவர் காலத்தில் வெளிவரவில்லை. 1720 இல் அவர் இறந்தார். அந்தச் சேர்க்கைகளோடு கூடிய நூலை போலூஸ் என்பவர் பதிப்பிக்க, 1989 இல்தான் அது இலங்கையில் அச்சேறியது. தம் வாழ்க்கையை நொக்ஸ் தனியே எழுதிய கையெழுத்துப் படியோ ஒக்ஸ்போட்டிலுள்ள பொட்லியன் நூலகத்திற் கிடந்தது. ஜேம்ஸ் றையன் 1911 இல் அதனை மூலநூலோடு சேர்த்து கிளாஸ்கோவில் வெளியிட்டார்.

இந்தத் தன்வரலாறு காட்டும் நொக்ஸ் வேறொருவர். விடுதலையான பின் அவர் மீண்டும் கம்பனிக் கப்பலின் தலைவரானார். மடகஸ்கார் தீவுக்குச் சென்று அடிமைகளை வாங்கி சென் ஹெலனாவுக்கு ஏற்றிச்செல்லும் பணியையும் மேற்கொண்டார். பத்தொன்பது ஆண்டுகள் பிறர் கட்டளைக்குள் அடைபட்டுக் கிடந்தவர் பிற மனிதரைச் சரக்காக ஏற்றினார். டானியல் டீபோ 1719 இல் எழுதிய 'றொபின்சன் குரூசோ' நொக்ஸின் நூலுக்குக் கடன்பட்டது என்பார்கள். அந்தக் குரூசோவும் அடிமை வாங்கப் புறப்பட்ட கப்பலிலேதான் உடைந்துபோகிறான். 1681 ஆம் ஆண்டுப் பிரதியைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருப்பவர் இதை அதிலே காணமாட்டார். அருமையான முதற் பதிப்பைவிட மங்கலான 1911 ஆம் ஆண்டுப் பிரதி ஒன்று கிடைத்தால் அதையே எடுங்கள் என்று நான் மாணவருக்குச் சொல்வது இதனால்தான்.

அந்நிய மாலுமி ஒருவனின் கிறுக்கல்களும் இருநூறு முந்நூறு ஆண்டுகள் பாதுகாக்கப்பட்டன. நம் கரையை நினைக்கையில் நெஞ்சு கனக்கிறது. வல்வெட்டித்துறையிற் கட்டிய 'அன்னபூரணி' 1938 இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம்வரை ஓடிற்று. அதை வாங்கிய வில்லியம் றொபின்சன் தாமும் கடற்பயண நூல் எழுதியவர். அவருடைய நூல்களைப் பிறநாட்டுப் புத்தகக்கடைகளில் இன்றும் வாங்கலாம். கப்பலை ஓட்டிச்சென்ற நம்மவர் எழுதிய நூலொன்றை நான் எந்தக் கடையிலும் கண்டதில்லை. 1981 இல் யாழ்ப்பாணப் பொதுசன நூலகம் எரிக்கப்பட்டபோது 97,000 நூல்கள் அழிந்தன. பின்னர் இடம்பெயர்வுகளில் வீடுகளில் இருந்தவையும் போயின. எஞ்சியவற்றை மின்வடிவமாக்கும் பணியை நூலக நிறுவனத்தார் 2005 முதல் செய்துவருவது ஆறுதல். ஆனால் பெட்டியடியிற் கிடக்கும் தாள்களை முதலில் வீட்டார் வெளியே எடுக்க வேண்டுமே! தண்டயலின் கணக்குக் கொப்பி, சரக்குச் சீட்டு, இரங்கூனிலிருந்து வந்த கடிதம், எதையும் சில்லறை என்று கழிக்காதீர்கள். ஈரம் உலரவிட்டு, பசையோ ஒட்டுநாடாவோ படாமல், பருத்தித் துணியிற் சுற்றி வையுங்கள். பிளாஸ்ரிக் பை வேண்டாம்.

சென்ற ஆண்டு வடமராட்சி மாணவி ஒருத்தி தன் பாட்டனாரின் தகப்பன் வைத்திருந்த கொப்பி ஒன்றைக் கொண்டுவந்து காட்டினாள். முதற் சில தாள்கள் இல்லை. நெல்மூடைக் கணக்கு, ஆட்கூலி, இடையிடையே காற்றுத் திசை. ஒரு தாளில் மட்டும் கணக்கு நின்று, அன்றிரவு பாய் கிழிந்ததையும் பையன் ஒருவன் அழுததையும் மூன்று வரியில் எழுதியிருந்தார். மறுதாளில் மீண்டும் நெல்மூடை.