ஆபீஸ் செலவில் கடற்கரை!

"இந்த வருஷம் ஆபீஸ் கூட்டம் மாமல்லபுரத்துல. ரெண்டு நாள். குடும்பத்தையும் கூட்டிட்டு வரலாமாம்" என்று சென்ற ஆண்டு என்னவர் வந்து சொன்னபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. கடற்கரை ஓரமாக அறை, மூன்று வேளை சாப்பாடு, எல்லாம் கம்பெனி செலவு. கல்யாணமாகி எட்டு வருஷத்தில் இப்படி ஒரு பயணம் போனதே இல்லை. பெரியவனுக்கு ஐந்து வயது, சின்னவளுக்கு இரண்டரை. பெட்டி கட்டினேன்.

வேலூரிலிருந்து வேனில் போனோம். காஞ்சிபுரம் தாண்டுவதற்குள் சின்னவள் இரண்டு முறை வாந்தி. அறைக்குப் போய்ச் சேர்ந்ததும் என்னவர் சட்டையை மாற்றிக்கொண்டு கூட்டத்துக்குப் போய்விட்டார். மதியம் சாப்பாட்டில் எல்லாமே காரம். சமையல்காரரிடம் கெஞ்சி ஒரு கிண்ணம் தயிர் சாதம் வாங்கி ஊட்டினேன். பெரியவனோ "அப்பா எங்கே, கடலுக்கு எப்போ?" என்று ஓயாமல் நச்சரித்தான். வீட்டில் செய்யும் அதே வேலைதான். ஆனால் அடுப்படி இல்லை, மாமியார் இல்லை, கை மாற்ற ஆளில்லை.

சாயங்காலம் டீ இடைவேளையில் என்னவரும் அவரோடு வேலை செய்பவர்களும் மணலுக்கு வந்தார்கள். சின்னவள் கண்ணில் மணல் விழுந்து வீறிட்டு அழுதாள். "என்னங்க, பெரியவனைப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு அவளைக் குழாயடிக்குத் தூக்கிப் போனேன். அவர் செல்போனில் பேசிக்கொண்டே தலையை ஆட்டினார்.

திரும்பி வந்து பார்த்தால் பிள்ளையைக் காணோம்.

"உன்கூடத்தானே வந்தான்?" என்றார். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. ஆளுக்கொரு பக்கம் ஓடினோம். ஐந்து நிமிஷம் இருக்கலாம், எனக்கு அது ஒரு யுகம். படகுகள் நிறுத்தியிருந்த பக்கமிருந்து, வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் அவனைக் கையைப் பிடித்து அழைத்து வந்தார். இடுப்பு வரை நனைந்திருந்தான்.

"ஏம்மா, அங்க அலை அடங்கியிருக்குன்னு புள்ள எறங்கிடுச்சு. அலை ஒடையாத எடத்துலதான் தண்ணி உள்ள இழுக்கும். தெரியாதா?" என்றார். அந்தப் பெரியவரின் காலில் விழுந்து கும்பிட்டேன்.

அவர் சொன்னதன் அர்த்தம் பிறகுதான் புரிந்தது. கரைக்கு வந்த அலைத் தண்ணீர் ஏதாவது ஒரு குறுகலான வழியில் வேகமாகக் கடலுக்குத் திரும்புமாம். அந்த இடத்தில் அலை அதிகம் உடையாததால் பார்க்க அமைதியாக இருக்கும். நாமும் ஆபத்தில்லை என்று நினைத்துக் குழந்தையை அங்கேயே விடுவோம். அதில் மாட்டிக்கொண்டால் நன்றாக நீந்துகிறவர்கள்கூட நேராகக் கரையைப் பார்த்து நீந்தி மல்லுக்கட்டக் கூடாது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பிலிருந்து விலகிய பிறகே கரைக்குத் திரும்ப வேண்டும். குழந்தையால் இதெல்லாம் முடியுமா? அதன் கை நம் கையில் இருப்பது ஒன்றே வழி.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. "நான் ஆபீஸ் வேலையாத்தானே வந்திருக்கேன்" என்றார். "நானும் வேலையாத்தாங்க வந்திருக்கேன்" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "நீ பாத்துப்பேன்னு நான் இருந்தேன், நான் பாத்துப்பேன்னு நீ இருந்தே" என்றார். உண்மை அதுதான், தோழிகளே! இரண்டு பேரும் பார்க்கிறார்கள் என்றால் ஒருவருமே பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம்.

அன்றே ஒரு முடிவு செய்தோம். குழந்தையை ஒப்படைப்பவர் "இப்ப இவன் உங்க பொறுப்பு" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வாங்கிக்கொள்பவர் "சரி, பாத்துக்கறேன்" என்று பதில் சொல்ல வேண்டும். தலையை ஆட்டினால் செல்லாது!

மறுநாள் விடிந்ததும் என்னவரே இரண்டு பேரையும் கடற்கரைக் கோயிலுக்கும், கிருஷ்ணரின் வெண்ணெய் உருண்டைப் பாறைக்கும் அழைத்துப் போனார். நான் ஒரு காபியோடு வராந்தாவில் உட்கார்ந்து கடலைப் பார்த்தேன். ஒரு மணி நேரம்! அவருடைய கூட்டம் ஆரம்பித்ததும், வந்திருந்த மற்ற இரண்டு பெண்களோடு முறை போட்டுக்கொண்டு குழந்தைகளைப் பார்த்துக்கொண்டோம். ஒருவர் கடலோரம் நின்றால் ஒருவர் நிழலில், ஒருவருக்கு ஓய்வு.

இப்படிப் போகிறவர்களுக்கு என் அனுபவத்தில் சில வார்த்தைகள். கூட்டம் எத்தனை மணிக்கு ஆரம்பித்து எப்போது முடியும் என்று கிளம்பும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். தூரத்திலிருந்தே தெரிகிற மாதிரி பளிச்சென்ற நிறத்தில் சட்டை போடுங்கள். பெற்றோரின் செல் நம்பரைச் சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள். காரமில்லாத சாப்பாட்டுக்கு முதல் நாளே சொல்லி வையுங்கள். எங்கே இறங்கலாம், எங்கே கூடாது என்று அங்குள்ள மீனவர்களைக் கேளுங்கள். இருட்டிய பின் தண்ணீர்ப் பக்கமே வேண்டாம்.

இந்த வருஷமும் அழைப்பு வந்திருக்கிறது. நான் கேட்பதற்கு முன்பே என்னவர், "சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல கூட்டம் இல்லையாம், விசாரிச்சிட்டேன். அதுக்கப்புறம் பசங்க என் பொறுப்பு" என்றார்.

"சரி" என்று நானும் வாய்விட்டுச் சொன்னேன்!

- ஒரு வாசகி, வேலூர்.