வேருக்குள் நுழையும் உலோகம்

துத்தநாகம் குறைந்த மண்ணில் நெல் இலைகளில் துருப்பிடித்தாற்போல் பழுப்புப் புள்ளிகள் விழும்; பயிர் கட்டையாகவே நின்றுவிடும். வடஇந்தியாவில் ‘கைரா’ எனப்படும் இந்நோய்க்குத் துத்தநாகப் பற்றாக்குறையே காரணம் என்று 1966இல் பந்த்நகரில் ஒய்.எல். நேனே கண்டறிந்தார். தமிழ்நாட்டில் எக்டேருக்கு 25 கிலோ ஜிங்க் சல்பேட் இடச் சொல்வது இந்தக் குறையைப் போக்கத்தான்.

அதே துத்தநாகம் நானோ துகளாகும்போது போக்கு மாறுகிறது. ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நானோமீட்டர். 1 முதல் 100 நானோமீட்டர் வரையுள்ளவை நானோ துகள்கள். துகள் சிறுக்கச் சிறுக்க, எடைக்கு எடை அதன் மேற்பரப்பு பெருகும், வேகமாகக் கரையும். 2007இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், லிட்டருக்கு 2000 மில்லிகிராம் துத்தநாக ஆக்சைடு நானோ துகள் கலந்த நீரில் முள்ளங்கி, வெள்ளரி, மக்காச்சோளம் ஆகியவற்றின் வேர்கள் அநேகமாக நீளவே இல்லை. ஆனால் அது மண்ணில்லாச் சோதனை, செறிவும் மிக அதிகம். வயலில் களியும் மட்கும் துகள்களைப் பிடித்துவைத்துக்கொள்ளும். அந்த முடிவை அப்படியே வயலுக்குப் பொருத்திப் பயமுறுத்துவது சரியல்ல.

உண்மையில் அஞ்ச வேண்டியது காட்மியம். துத்தநாகத் தாதுவோடு சேர்ந்தே கிடைக்கும் இது நெல்லுக்கு எதற்கும் பயன்படாது; இருந்தும் மாங்கனீசை உள்ளே எடுக்கும் புரதத்தின் வழியாக வேருக்குள் புகுந்துவிடுகிறது. ஜப்பானில் கமியோகா சுரங்கக் கழிவு ஜின்சு ஆற்றில் கலந்து, பாசன நீரோடு வயல்களில் படிந்தது. அந்த அரிசியை உண்டவர்களின் சிறுநீரகம் கெட்டது, எலும்புகள் தாங்கமுடியாத வலியோடு முறிந்தன. அது மாசினால் வந்த நோய் என்று அரசு ஏற்றது 1968இல்தான்.

காட்மியத்தை அடக்கவும் அவிழ்க்கவும் வல்லது வயல்நீர். நீர் தேங்கினால் மண்ணில் ஆக்சிஜன் அற்றுப்போகும்; காட்மியம் கந்தகத்தோடு சேர்ந்து கரையாமல் உறையும். வயல் காய்ந்தால் மீண்டும் கரைந்து மணிக்கு ஏறும். அதனால் ஜப்பானில் கதிர் வரும் பருவத்துக்கு முன்னும் பின்னும் மூன்று வாரம் நீர் கட்டுகிறார்கள். ஆர்சனிக்கோ இதற்கு நேர்மாறு. தேங்கிய நீரில்தான் அது விடுபடும். வங்கத்தைப் போல நிலத்தடி நீரிலேயே ஆர்சனிக் உள்ள இடத்தில் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விடுவதே நல்லது. இரண்டும் கலந்த மண்ணில் ஒன்றைத் தடுக்கப்போனால் மற்றது கூடும்.

துத்தநாக நானோ துகள்களைத் தெளித்தால் மணியில் காட்மியம் குறைவதைத் தொட்டிச் சோதனைகள் பலவற்றில் கண்டிருக்கிறார்கள். இரண்டு உலோகங்களும் ஒரே வாசலுக்குப் போட்டியிடுவது அதற்கு ஒரு காரணம். ஆனால் மண்ணிலுள்ள காட்மியம் அப்படியேதான் இருக்கும். ஜின்சு சமவெளியில் மாசடைந்த மேல்மண்ணை ஆழத்தில் புதைத்து, மேலே நல்ல மண்ணைப் பரப்பினார்கள். அந்த வேலை முடிந்தது 2012இல்.