தொலைவிலிருந்து ஆளும் சாவி

பலர் ஒரே நேரத்திற் கூடி ஆடும் கணினி விளையாட்டுகள் இன்று பெருகியுள்ளன. சுவீடன் நாட்டு மோஜாங் நிறுவனம் 2011-ஆம் ஆண்டில் முழு வடிவில் வெளியிட்ட மைன்கிராப்ட் அவற்றுள் ஒன்று. ஆடுவோர் தத்தம் வீட்டிலிருப்பர். அவர்கள் கட்டும் மாளிகையும் வெட்டும் சுரங்கமும் வேறோரிடத்துச் சர்வர் கணினியில் இருக்கும். மாணவர் கழகத்திற்காக இத்தகைய சர்வரை நடத்த முன்வரும் ஆசிரியர், அதனைத் தொலைவிலிருந்து காப்புடன் ஆளும் முறையை அறிந்திருத்தல் வேண்டும்.

சர்வருக்கு வாயில்கள் இரண்டு. ஆடுவோர் புகும் வாயிலின் வழக்கமான எண் 25565. ஆள்வோர்க்குரிய வாயில் ஆர்கான் எனப்படும். அதன் எண் 25575. இது முதலில் மூடியே இருக்கும். வேண்டுவோர் அமைப்புக் கோப்பில் திறந்துகொள்ளலாம். இவ்வழியே புகுந்தவர் ஓர் ஆட்டக்காரரை விலக்கலாம், மற்றொருவருக்கு அதிகாரம் வழங்கலாம், சர்வரையே நிறுத்தலாம்.

இவ்வாயிலின் குறை யாது? இதில் செல்லும் கடவுச்சொல்லும் கட்டளைகளும் மறைக்கப்படுவதில்லை. அஞ்சலட்டையில் எழுதிய செய்தியை இடையிலுள்ளோர் எவரும் படித்துவிடலாம் அன்றோ? அதுபோன்றதே இதுவும். கடவுச்சொல் எத்துணை நீளமாயினும் இக்குறை நீங்காது.

இதற்குத் தீர்வு எஸ்.எஸ்.எச். என்னும் முறை. பின்லாந்தின் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையில் கடவுச்சொற்கள் ஒட்டுக்கேட்கப்பட்டதை அடுத்து, 1995-இல் டாட்டு யுலோனென் இதனை அமைத்தார். செய்தி முழுவதும் மறைமொழியாக்கப்பட்டுச் செல்வதால் இஃது அரக்கு முத்திரையிட்ட உறை போன்றது. ஆள்பவர் 22 என்னும் எண்ணுள்ள வாயில் வழியே சர்வர் கணினியை அடைந்து, அதன் உள்ளிருந்தே ஆர்கான் வாயிலைத் தட்டுகிறார். இதனைச் சுரங்கவழி என்பர். ஆதலின் 25575-ஐ வெளியுலகிற்குத் திறந்து வைக்கத் தேவையில்லை. பயர்வால் என்னும் காப்பரணால் அதனை அடைத்துவிடலாம்.

எஸ்.எஸ்.எச். முறையிற் புகுவதற்குக் கடவுச்சொல்லினும் சாவியிணை சிறந்தது. பொதுச்சாவி சர்வரில் இருக்கும். மறைச்சாவி உரியவரின் கணினியை விட்டு வெளியே செல்வதில்லை. சாவியிணை அமைந்தபின் கடவுச்சொல்லாற் புகும் வழியை நிறுத்திவிடுதல் வேண்டும்.

முதன்முறை இணையும்போது சர்வரின் கைரேகை போன்ற ஓர் அடையாளம் திரையில் தோன்றும். அதனை ஒப்பிட்டுப் பாராமல் 'ஆம்' என்போர் பலர். அஃது உண்மையான சர்வர்தானா என்று உறுதி செய்யாவிடின், எத்துணைக் காப்பும் வீணாகலாம்.

பொறுப்பாளர் பலராயின் ஒரே சாவியைப் பகிர்தல் தகாது. ஒவ்வொருவர்க்கும் தனிச்சாவி இருந்தால், ஒருவர் விலகும்போது அவருடைய பொதுச்சாவியை மட்டும் நீக்கினாற் போதும், ஏனையோர்க்கு இடையூறில்லை. சர்வர் உலகின் நகலொன்றை அவ்வப்போது எடுத்து வேறிடத்தில் வைத்தலும் கடனாம். மாணவர் பன்மாதங்கள் உழைத்துக் கட்டியதை அயலார் ஒருவர் சில நொடியில் அழித்துவிடக் கூடும். அவ்வுழைப்பைக் காப்பது, ஆளும் பொறுப்பை ஏற்றவர் கடமையே.