மில்லுக்குப் போகிற கை

திண்டுக்கல்லிலிருந்து வேடசந்தூர் போகும் சாலையில் இருக்கிறது தாடிக்கொம்பு. சௌந்தரராஜப் பெருமாள் கோயில் சிற்பங்களைப் பார்க்க வருகிறவர்கள், ஷிப்டு மாறும் நேரமாக இருந்தால் இன்னொரு காட்சியையும் பார்க்கலாம். தூக்குச்சட்டியும் கையுமாக மில் வண்டிக்குக் காத்திருக்கும் பெண்கள்! இந்த வட்டாரத்து நூற்பாலைகள் பலவும் இவர்கள் கையை நம்பித்தான் ஓடுகின்றன. அறுந்த இழையைக் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து ஒரே நொடியில் ஒட்ட வேண்டும்.

உருளையில் பஞ்சு சுற்றிக்கொண்டால் மெஷினை நிறுத்திவிட்டுத்தான் எடுக்க வேண்டும். நிறுத்தினால் உற்பத்தி குறையும், மேஸ்திரி சத்தம் போடுவார். அதனால் ஓடும்போதே விரலை விட்டுவிடுகிறார்கள். கார்டிங் மெஷின் இன்னும் பொல்லாதது. ஸ்விட்சை அணைத்த பிறகும் அதன் பெரிய உருளை உடனே நிற்காது. தாவணி, துப்பட்டா, பின்னல் எல்லாவற்றையும் அள்ளிச் செருகிக்கொண்டு போவது அழகுக்காக இல்லை.

விரல் துண்டாகிவிட்டால்? காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தி வையுங்கள். மோதிரம் இருந்தால் வீக்கம் வருமுன் கழற்றிவிடுங்கள். மஞ்சள்தூள், காபித்தூள் எதையும் அப்ப வேண்டாம். துண்டான விரலை நல்ல தண்ணீரில் மெதுவாக அலசி, ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டுங்கள். அந்தப் பையை ஐஸ் போட்ட தண்ணீரில் வையுங்கள். விரல் நேராக ஐஸில் படக்கூடாது. பட்டால் தசை கெட்டுவிடும். சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் 1970-களிலேயே டாக்டர் ஆர். வெங்கடசாமி கை அறுவை சிகிச்சைக்கென்று தனிப் பிரிவை வளர்த்தார். இன்று கோவையிலும் துண்டான விரலை ஒட்ட வைக்கிறார்கள். எல்லா விரலும் ஒட்டும் என்று சொல்ல முடியாது. ஆனால் எடுத்துப் போனால்தானே பார்க்க முடியும்?

ஆஸ்பத்திரி வாசலில்தான் அடுத்த கண்டம். "வீட்ல விழுந்துட்டேன்னு சொல்லிடும்மா, செலவை நாங்க பாத்துக்கறோம்" என்று கூட வந்தவர் காதில் ஓதலாம். கல்யாணமாகாத பெண் என்றால் அம்மாவுக்கே அது நல்ல யோசனையாகப் படும். தயவுசெய்து ஒப்புக்கொள்ளாதீர்கள்! "மில்லில், மெஷினில் அடிபட்டது" என்று டாக்டரின் சீட்டில் ஏற வேண்டும். மில்லின் விபத்துப் புத்தகத்திலும் பதிய வேண்டும். பின்னால் வரும் பணமெல்லாம் இந்த இரண்டு வரியைப் பிடித்துத்தான் வரும்.

சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடித்தம் உண்டா என்று இன்றைக்கே பாருங்கள். இருந்தால் சிகிச்சை இலவசம். வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சராசரி தினக்கூலியில் 90 சதவீதம் கிடைக்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் இது உண்டு. விரல் போயிருந்தால் மருத்துவக் குழு ஊனத்தை மதிப்பிட்டுத் தனியாக உதவித்தொகை தரும். இ.எஸ்.ஐ. இல்லாதவர்களுக்கு முதலாளி நஷ்டஈடு தர வேண்டும். அதற்குத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனுக் கொடுக்கலாம். 1923-ல் வந்த இந்த உரிமை, 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் சேர்ந்திருக்கிறது.

அந்தப் பழைய சட்டத்தின் அட்டவணையில் முழுக் கட்டை விரல் போனால் 30 சதவீத இழப்பு, ஆள்காட்டி விரல் 14, சுண்டு விரல் 7. இழை ஒட்டுகிற பெண்ணுக்கு ஆள்காட்டி விரல் வெறும் 14 தானா? கோலம் போட, மகளுக்குத் தலை பின்ன, ஊசியில் நூல் கோக்க அந்த விரல்தானே வேண்டும்! கணக்குப் போட்டவர்கள் இதையெல்லாம் நினைத்த மாதிரி தெரியவில்லை.

காயம் ஆறியதும் கையை முந்தானைக்குள் மறைத்தே வைத்திருந்தால் மற்ற விரல்களும் விறைத்துப்போகும். டாக்டர் சரி என்றதும் வெந்நீரில் கையை நனைத்து, விரல்களை மெல்ல மடக்கி நீட்டச் சொல்லுங்கள். அப்புறம் ஸ்பாஞ்சைப் பிழியலாம். சில வாரம் போனதும் சப்பாத்தி மாவைப் பிசையக் கொடுங்கள். முதலில் ஒரு கைப்பிடி மாவு போதும்.